ஐயாவின் குரல் மட்டும்

“அழிச்சுட்டீங்களா?”

மாடிப்படியின் கடைசி மூன்று படிகளை ஒரே எட்டில் தாண்டி, ஒலி அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான் மாப்பிள்ளை. காலையில் மேடைக்காகப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

சவுண்டு, மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்த ஆலயத்தின் ஒலிப்பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய மனைவியே போன் பண்ணினால், “சவுண்டு இருக்காரா?” என்றுதான் கேட்பாள்.

“எதை?”

“காலை ஆராதனை. தனித்தனி டிராக்.”

சவுண்டு தாடையால் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எழுபத்தெட்டு சதவீதம். ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான். பதினாறு மைக்கும் பதினாறு தடங்களாகப் பதிவாகும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, இணையத்தில் போடக் கொடுப்பார்கள். கலந்து முடித்த மறுநொடி தனித் தடங்களை எந்திரமே அழித்துவிடும். அடுத்த வாரத்துக்கு இடம் வேண்டுமே.

மாப்பிள்ளை எட்டிப் பொத்தானை அமுக்கினான். கோடு எழுபத்தொன்பதில் நின்றது.

“ஐயா எப்படி இருக்கார்?”

“பேச்சு இல்ல. வலது பக்கம் அசைவு இல்ல. மூளைக்குப் போற குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கும்னு சொல்றாங்க.”

சவுண்டு வயரைக் கீழே போட்டார்.

ஐயா என்றால் அந்தச் சபையின் போதகர். மாப்பிள்ளைக்கு மாமனார். அதனால்தான் அவன் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் சொந்தப் பெயர் தேய்ந்து காணாமல் போய், ஞாயிறு பள்ளிக் குழந்தைகள்கூட ‘மாப்பிள்ளை அங்கிள்’ என்கின்றன. கீபோர்டு வாசிப்பவன். இசைக்குழு மொத்தமும் அவன் விரலைப் பார்த்துத்தான் மூச்சு விடும். அவன் ஐயாவின் கையைப் பார்த்து மூச்சு விடுவான்.

இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு மேடையில் ஐயா பக்கவாட்டில் சரிந்தார். பக்கத்து கிளினிக்கில் வெறும் வயிற்று மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி ஒன்றரை மணி நேரத்தைத் தின்றார்கள். வாய் கோணியிருப்பதை யாரோ பார்த்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி.

“கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு. தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். அவர் கடைசியா எப்ப நல்லா இருந்தார்? விழுந்த நேரம் எனக்கு வேண்டாம். நல்லா இருந்த நேரம் வேணும்.”

ஐயாவின் ஒரே மகள், மாப்பிள்ளையின் மனைவி, பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பள்ளியில் சரித்திரம் எடுக்கிற டீச்சர். எந்த ராஜா எந்த வருஷம் செத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவள். இதற்கு அவளிடம் பதில் இல்லை. எண்ணூறு பேர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் பதில் இல்லை.

“ரெக்கார்டிங் இருக்கு” என்றான் மாப்பிள்ளை.

“சவுண்டண்ணனுக்குப் போன் போட்டா அவரே பார்த்துச் சொல்லிடுவாரே.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் வண்டிச் சாவியோடு ஓடிவிட்டான்.

ஒலி அறையின் சுவர்க் கடிகாரத்தில் இப்போது இரண்டு முப்பத்தெட்டு.

“பதினொண்ணு நாப்பதுல இருந்து நாலரை மணி” என்று விரல் மடக்கினார் சவுண்டு. “நாலு பத்து வரைக்கும் டயம் இருக்கே. ஏன் இப்படி மூச்சு வாங்குறே? உட்காரு.”

“விழுந்ததுதாண்ணே நாப்பது. அதுக்கு முன்னாடியே மண்டி போட்டுட்டார். ஓட்டுங்க.”

•

இன்று சாதாரண ஞாயிறு இல்லை. ஆலயத்துக்கு நூற்றைம்பது வயது. அதற்காக டீச்சர் மூன்று மாதம் மெனக்கெட்டு ஒரு நிகழ்ச்சி எழுதியிருந்தாள். ‘பாட்டு எதற்கு?’ என்று தலைப்பு. ஆதி நாள் தொட்டு இன்றுவரை கிறிஸ்தவர்கள் எதற்காகப் பாடினார்கள் என்பதை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அவள் நாலு வரி வாசிப்பாள். பிறகு அந்தக் காலத்து முறையில் சபை ஆராதிக்கும். ஐயாவுக்கு ஐந்திலும் வேலை உண்டு. ஐந்தாம் பகுதி இந்தக் காலம். மாப்பிள்ளையின் ராஜ்ஜியம்.

சவுண்டு திரையில் பதிவின் நேரக் கோட்டை இழுத்து விட்டார். ஸ்பீக்கரில் டீச்சரின் குரல் வந்தது.

“ஐந்தாம் பகுதி. இன்று பாட்டு ஜெபத்துக்கு முன்னால் வருவதில்லை. பின்னாலும் வருவதில்லை. ஜெபத்துக்கு அடியில் ஓடுகிறது. இறைவன் இங்கே இருக்கிறார் என்று நாம் உணர வேண்டும். அதற்காக.”

அவள் எழுதியதில் இன்னொரு வரியும் இருந்தது. உணர்கிறோமா, உணர வைக்கப்படுகிறோமா என்பதை வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று. அதை அடிக்கச் சொல்லி சமையலறையில் நின்று சண்டை போட்டான் மாப்பிள்ளை.

“புருஷன் பண்ற வேலையையே மேடையில வச்சுக் கிண்டல் பண்ணுவியா?”

“கிண்டல் இல்லீங்க, கேள்வி. பரீட்சைக்கு வராது, பயப்படாதீங்க.”

கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டாள்.

திரையில் மேடை தெரிந்தது. நீல வெளிச்சம், லேசான புகை. நடுவில் வெள்ளை அங்கியில் ஐயா. கேமரா அவருடைய இடது பக்கம். வலது பக்க முகம் எந்தப் பதிவிலும் இல்லை.

பதினொன்று இருபத்திரண்டு. ஐயா மண்டியிடுகிறார். அவரைப் பார்த்து எண்ணூறு பேரும் மண்டியிடுகிறார்கள்.

“மண்டி போடலய்யா அவர்” என்றார் சவுண்டு, திரைக்கு மூக்கை வைத்து. “கால் மடங்கிடுச்சு. பாரு, ஒரு முழங்கால்தான் முதல்ல போகுது.”

மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஐயாவின் உடம்புக்கு முன்னால் தெரிந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கைதான் இசைக்குழுவுக்கு உத்தரவு. உள்ளங்கை மேலே பார்த்து உயர்ந்தால், ஏற்று. உள்ளங்கை கீழே பார்த்துத் தாழ்ந்தால், மெதுவாக, ஆனால் நிறுத்தாதே. முஷ்டி மடங்கினால் நிறுத்து. ஜெபத்தின் நடுவில் ஐயா திரும்பிப் பார்க்கக்கூடாது, இசை விட்டுப்போகவும் கூடாது என்பதற்காகப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் மாமனாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து செய்த ஏற்பாடு. ஒரு நாளும் பிசகியதில்லை. இன்றும் பிசகவில்லை. கை உணர்வற்றுத் தொங்கியது. உள்ளங்கை கீழே பார்த்தது. மெதுவாக, நிறுத்தாமல் வாசித்தார்கள். பதினெட்டு நிமிஷம்.

“இருபத்திரெண்டு” என்றார் சவுண்டு. “அப்ப மூணு அம்பத்திரெண்டு வரைக்கும். சொல்லிடு.”

“அதுக்கும் முன்னாடி பேசினதைக் கேட்கணும்.”

பதினொன்று ஒன்பது. ஐயா ஜெபிக்கிறார். அடியில் கீபோர்டின் நீண்ட கார்வை, மேலே கிட்டாரின் சொட்டு, எங்கோ தூரத்தில் டிரம்ஸின் சுவாசம். கண்ணை மூடினால் உடம்பு சிலிர்க்கும்.

“இந்த இடத்துல எனக்கே தொண்டை அடைச்சுது மாப்ள. இருபது வருஷத்துல எனக்கு அப்படி வந்ததில்ல.”

“ஒண்ணாம் நம்பரைத் தனியாப் போடுங்க.”

ஒன்றாம் நம்பர், ஐயா காதோரம் மாட்டியிருந்த மைக். சவுண்டு அதன் மேலிருந்த சின்ன மஞ்சள் பொத்தானைத் தொட்டார். கீபோர்டு போனது. கிட்டார் போனது. டிரம்ஸ் போனது. எண்ணூறு பேர் போனார்கள்.

மிச்சமிருந்தது ஒரு கிழவரின் வாய்.

சொற்கள் இல்லை. தடித்துப்போன நாக்கு பல்லில் இடறி விழுந்து எழுந்து மறுபடி இடறுகிற சத்தம். அதற்கு நடுவே, கேட்பவருக்குச் சந்தேகமே வராதபடி, இரண்டு முறை ஒரே சொல்.

“தண்ணி… தண்ணி…”

சவுண்டு மஞ்சள் பொத்தானை மறுபடி தொட்டார். இசை திரும்ப வந்து எல்லாவற்றையும் மூடியது. அந்த இரண்டாவது ‘தண்ணி’க்கு எண்ணூறு பேரும் உருகி, “ஆமென்” என்றார்கள்.

அவர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் தனியாக் கேட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பேனே. ஹெட்போன் கழுத்துலதானே கிடந்துது.”

“அண்ணே. அதெல்லாம் அப்புறம்.”

•

இரண்டு ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளை மனைவியை அழைத்தான்.

“பதினொண்ணு ஒன்பதுல குழறுது.”

 டீச்சர், டீச்சராகவே பேசினாள். “அப்ப மூணு முப்பத்தொன்பது. ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்காங்க, மூணேகாலுக்கு ரிப்போர்ட் வரும்னாங்க. போதும், டயம் இருக்கு. ஆனா டாக்டர் கேட்கறது, நல்லா இருந்த நேரம். அதுக்கு முன்னாடி நாலாம் பகுதியில அப்பா பேசினாரே, அது தெளிவா இருக்கான்னு பார்த்துட்டு உறுதியாச் சொல்லுங்க.”

“பார்க்கறேன்.”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“நானும் இல்ல. சின்னப் பையனோட அம்மா மாதிரி அப்பாவோட செருப்பைக் கையில வச்சுக்கிட்டு வராந்தாவுல நிக்கறேன். எதுக்குன்னே தெரியல.” வைத்துவிட்டாள்.

உடனே போன் மறுபடி அடித்தது. சபைச் செயலாளர்.

“மாப்பிள்ளை, ஐயாவுக்காக எல்லாரும் ஜெபத்துல இருக்கோம். தைரியமா இருங்க. ஒரு சின்ன விஷயம். நேரலையில இருந்து அந்தப் பதினெட்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி நம்ம பசங்க போட்டாங்க. ‘ஐயா கரைந்த வேளை’ன்னு. பன்னெண்டாயிரம் பேர் பார்த்துட்டாங்க. வெளிநாட்டுல இருந்தெல்லாம் அழுதுட்டே எழுதறாங்க.”

“எடுக்கச் சொல்லுங்க.”

“அதெப்படி, இவ்வளவு பேருக்கு ஆசீர்வாதமா இருக்கு. ஆடியோ கொஞ்சம் இரைச்சலா இருக்குன்னு ஒரு குறை. சவுண்டுகிட்டச் சொல்லிச் சுத்தமான காப்பி…”

மாப்பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்தான்.

“சுத்தமான காப்பி வேணுமாம்” என்றார் சவுண்டு. “ஒண்ணாம் நம்பரை மட்டும் அனுப்பட்டுமா? அதைவிடச் சுத்தம் கிடையாது.”

இருவரும் சிரிக்கவில்லை.

கோடு இடப்பக்கம் நகர்ந்தது. டீச்சரின் குரல்.

“நான்காம் பகுதி. திறந்தவெளிக் கூட்டங்களின் காலம். தயங்கி நிற்கிறவனை எழுந்து முன்னால் நடக்க வைக்க வேண்டும். அதற்காகப் பாட்டு. அவன் நடந்து வந்து சேரும்வரை கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள்.”

பத்து நாற்பத்தொன்று. ஐயா சபையை முன்னால் அழைக்கிறார். கைதட்டலும் டிரம்பெட்டும் கூரையைத் தூக்குகின்றன. மஞ்சள் பொத்தான். எல்லாம் போய், குரல் மட்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் உதிர்ந்துபோயிருந்தது. ‘வாருங்கள்’ என்பது பாதியில் எச்சிலாக முடிந்தது.

சவுண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி இரண்டு நிமிஷம்.

“பத்து நாப்பத்தொண்ணுன்னா மூணு பதினொண்ணு. ஒன்பது நிமிஷம் இருக்கு மாப்ள. போனைப் போடு. ஸ்கேன் வரலைன்னாலும் சீக்கிரம் பண்ணச் சொல்லு.”

“முன்னாடி போங்க.”

“முன்னாடி போகப் போக டயம் போயிட்டே இருக்குய்யா. விளங்குதா உனக்கு? இங்க நாம ஒரு நிமிஷம் பின்னாடி போனா அங்க அவருக்கு ஒரு நிமிஷம் குறையுது.”

“அண்ணே, ஒரு இடம் வேணும். ஒரே ஒரு இடம். தெளிவா, திக்காம, பழைய மாதிரி பேசுற இடம். அது கிடைச்சாப் போதும்.”

சவுண்டு அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். “நீ எங்க கெட்டுப்போச்சுன்னு தேடுறியா, எங்க சரியாச்சுன்னு தேடுறியா?”

மாப்பிள்ளை தானே மவுஸைப் பிடித்து இழுத்தான்.

“மூன்றாம் பகுதி” என்றாள் டீச்சர். “எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உபதேசம் மனப்பாடம் ஆக வேண்டும். அதற்காக மெட்டு. தாய்மொழியில், எல்லாரும் சேர்ந்து, கடைசி வரிசைவரை. பறிபோயிருந்த வாய் சபைக்குத் திரும்பக் கிடைத்த காலம்.”

பத்து பன்னிரண்டு. ஞானப்பாட்டு. எண்ணூறு தொண்டைகள், ஆர்கன் சத்தத்தில் கீபோர்டு. மஞ்சள் பொத்தான். ஐயா முதல் மூன்று சொற்களைப் பாடினார். மிச்ச வரியை முனகினார். அடுத்த வரியில் இரண்டு சொல், முனகல். நாற்பது வருஷமாக அந்தப் பாட்டை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்.

“அவருக்கு இது தூக்கத்துல வருமே” என்றார் சவுண்டு மெதுவாக.

பத்து பன்னிரண்டுக்கு நாலரை மணி கூட்டினால் இரண்டு நாற்பத்திரண்டு. மாப்பிள்ளை இந்த அறைக்குள் வந்து நாலு நிமிஷத்தில் அது முடிந்துவிட்டிருந்தது. ‘ஷூவோடு மேலே வராதே’ என்று சவுண்டு எழுதி ஒட்டிய காகிதத்தைத் தாண்டி அவன் ஓடிவந்து, பச்சைக் கோட்டை நிறுத்தி, நாற்காலியை இழுத்த அந்த நாலு நிமிஷம்.

அவன் நிறுத்தவில்லை.

“இரண்டாம் பகுதி. பழகிய குழுவினர் மட்டும் பாடினார்கள். மக்களுக்குத் தெரியாத மொழி. ஆனால் அது மக்களுக்காகப் பாடப்படவே இல்லை. ஆலயத்தில் ஏற்றுகிற விளக்கைப்போல, அது ஒரு காணிக்கை.”

பாடகர் குழு பாடியது. ஐயா உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் நம்பரில் மூச்சு மட்டும். மூச்சுக்கு வயசு உண்டு, வார்த்தை இல்லை.

“முதல் பகுதிதான் மிச்சம்” என்றான் மாப்பிள்ளை. நெற்றி வேர்வை மேஜையில் சொட்டியது. “அது ஒன்பது நாப்பத்தொண்ணு.”

•

“முதல் பகுதி” என்றாள் டீச்சர். குரலில் காலை நேரத்துத் தெளிவு. “தொடக்கத்தில் கருவி இல்லை. ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வேத வசனத்தின் மேல் ராகத்தை லேசாகப் போர்த்தினார்கள். அழகுக்காக அல்ல. சொல் கடைசி ஆள்வரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. இப்போது ஐயா பாடுவார். சில நிமிடங்களுக்கு இந்த ஆலயத்தில் எந்தக் கருவியும் ஒலிக்காது.”

ஐயாவின் குரல் எழுந்தது.

அதன் அடியில், பட்டுத் துணியை விரித்தாற்போல ஒரு கார்வை.

சவுண்டு நிமிர்ந்தார். பெட்டியில் ஒன்பதும் பத்தும் பச்சையாக எரிந்தன.

“இது உன் கீபோர்டுல்ல?”

மாப்பிள்ளை சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

“ஆமா, இப்ப ஞாபகம் வருது. காலையில இது வந்ததும் நான் திடுக்கிட்டு மேல இருந்து எட்டிப் பார்த்தேன். டீச்சர் உன்னைத் திரும்பிப் பார்த்து முறைச்சா. ஒத்திகையில ஒரு விரல் படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே. சரி, புருஷன் பொண்டாட்டி கடைசி நேரத்துல மாத்திக்கிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்.”

“பொத்தானைத் தொடுங்கண்ணே.”

“நீயே தொடு.”

தொட்டான். பட்டுத் துணி விலகியது. கருவி இல்லாத காலத்தில், கருவி இல்லாமல், ஒரு மனிதர் வசனம் சொன்னார். அகலமான ஆலயம் அவருடைய ஒவ்வொரு எழுத்தையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது வரியிலேயே நாக்கு புரளவில்லை. நாலாவது வரியில் அவர் நிறுத்தி, உதட்டை ஈரப்படுத்தி, அதே சொல்லை மறுபடி முயன்றார். இரண்டாவது முறையும் வரவில்லை. இசையோடு கேட்டால் அது ஒரு முதியவரின் பக்தி. இசை இல்லாமல் கேட்டால் எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தெளிவான இடம் இல்லை. எங்கேயும் இல்லை.

கவிழ்ந்து கிடந்த போன் மேஜையைச் சுற்றி அதிர்ந்தது. மூன்று பதினாறு. மாப்பிள்ளையின் விரல் இரண்டு முறை வழுக்கியது. சவுண்டுதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, ஸ்கேன் வந்துடுச்சு. ரத்தக் கசிவு இல்ல. ஊசி கலக்கி வச்சிருக்காங்க. நான் பதினொண்ணு ஒன்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன். அதுக்கு முன்னாடி நல்லா இருந்தார்ல?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால், அறையில் இருக்கிற எல்லாருக்கும் அடுத்த ஒரு மணி நேரம் நம்பிக்கை. அதற்கப்புறம்?

“போடாதே.”

“என்ன?”

“போட வேண்டாம்னு சொல்லு. நாலாம் பகுதியிலயும் குழறுது. மூணுலயும். முதல் பகுதியிலயே குழறுது. ஒன்பது நாப்பத்தொண்ணு.”

அவள் கணக்குப் போடுவது இங்கே கேட்டது. உதட்டுக்குள் முணுமுணுத்தாள்.

“ரெண்டு பதினொண்ணு. நாங்க இந்த ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினதே ரெண்டு பதினஞ்சு.”

 பின்னால் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டுப் போனது. ஆண்குரல் ஒன்று அருகே வந்தது. நரம்பு டாக்டர்.

“கேட்டேன்மா. இனி போட முடியாது. கட்டியைக் கம்பி விட்டு எடுக்கற வசதி இங்க இல்ல. அது இருக்கற இடத்துக்குப் பயணம் அவர் தாங்கமாட்டார். மாத்திரை, படுக்கை, காத்திருப்பு. அவ்வளவுதான்.” காகிதம் ஒன்று மடிக்கப்படும் சத்தம். “தம்பி, லைன்ல இருக்கீங்களா? வராந்தாவுல என்னைத் தனியா மடக்கிக் கேட்டீங்க. காலையில லேசா வந்து, நடுவுல முழுசாச் சரியாகி, மறுபடி வந்தா நேரத்தை எங்க இருந்து எண்ணுவீங்கன்னு. சரியான இடத்துல இருந்து எண்ணுவோம்னேன். எதுக்கு அப்படிக் கேட்டீங்க?”

“எப்ப கேட்டார்?” என்றாள் டீச்சர். “எனக்குத் தெரியாதே.”

சவுண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

“என்னங்க. முதல் பகுதியில ஏன் வாசிச்சீங்க?”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். வெள்ளை அங்கி, உறைந்த உதடு.

“நான் கேட்கறேன்ல. ஒரு விரல் படக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அப்பா ஏதாவது சொன்னாரா? உடம்பு சரியில்ல, மகள்கிட்டச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரா? அவர் அப்படித்தான் பண்ணுவார். அம்மா இருந்தப்பவே காய்ச்சலை மறைப்பார். சொல்லுங்க, அவர் மேல சத்தியமா நான் உங்களைத் திட்டமாட்டேன்.”

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டாள். நுழைந்தால் போதும். ஐயா இனி எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

“இல்ல” என்றான்.

“என்ன இல்ல?”

“எட்டு அம்பதுக்கு, அங்கி மாத்துற ரூம்ல அவர் கையில இருந்த டம்ளர் நழுவிடுச்சு. வாய் ஒரு மாதிரி குழறுது மாப்பிள்ளை, நான் இன்னிக்கு ஏறல, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்னுதான் சொன்னார். செருப்பைக்கூட மாட்டிட்டார்.” அவன் நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி சொன்னான். “நான்தான் வாசல்ல நின்னு மறிச்சேன். ‘எண்ணூறு பேர் வந்தாச்சு, ஏறி நில்லுங்க மாமா. குழறினா வெளிய கேட்காதபடி நான் வாசிச்சுக்கறேன்’னேன்.”